ஒரு செம்புத் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்: சிறு அன்புச் செயல்களால் விசுவாசத்தை வாழ, கடலோரக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

தொண்டியிலிருந்து நரிப்பையூர் வரை நம் கடற்கரையில் குடிதண்ணீர் சும்மா கிடைப்பதில்லை. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி, வெயில் ஏறுவதற்குள் கிளம்பி, வரிசையில் நின்று பிடித்து வர வேண்டும். இல்லையென்றால் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்க வேண்டும். சில இடங்களில் மணலில் ஊற்றுத் தோண்டி, சுரக்கச் சுரக்கச் சிரட்டையால் மொண்டு ஊற்றுகிறார்கள். இப்படி வாழ்கிற நாம் மத்தேயு 10:42-ஐ வாசிக்கும்போது கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். சிறியோருள் ஒருவருக்கு ஒரு குவளை குளிர்ந்த தண்ணீர் கொடுத்தவர்கூடத் தமக்குரிய கைம்மாறு பெறாமல் போகமாட்டார் என்கிறார் இயேசு. அவர் இதைச் சொன்ன நாடும் கிணற்றையும் மழைத்தொட்டியையும் நம்பிப் பிழைத்த நாடுதான். கேட்டவர்களுக்கு அந்தக் குவளையின் விலை தெரியும். நமக்கும் தெரியும்.

நம்மில் பலர் பக்தியைப் பெரிய காரியங்களை வைத்தே அளக்கிறோம். வேளாங்கண்ணிக்கு நடந்து போனது, திருவிழாவுக்குச் சப்பரம் எடுத்தது, கோயில் கட்ட எவ்வளவு கொடுத்தோம் என்பது. எல்லாம் நல்லவைதான். ஆனால் அவை ஆண்டுக்கு ஒரு முறை வருகிறவை. மற்ற நாட்களில், மீன் வாடையும் கடன் கணக்கும் பிள்ளைகளின் சத்தமும் நிறைந்த வீட்டுக்குள், கிறிஸ்துவை நேசிப்பது எப்படி என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கத்தோலிக்க வீடுகளை மனதில் வைத்து எழுதினாலும், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே சபைகளைச் சேர்ந்தவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். வரிசையாகச் செய்யுங்கள். ஒரு படி கைக்குப் பழகிய பிறகு அடுத்ததற்குப் போனால் போதும்.

முதல் படி: வேதத்தைத் திறந்து வையுங்கள்

ஆறு பகுதிகள் போதும்: மாற்கு 12:41-44, மாற்கு 14:3-9, யோவான் 6:1-13, யோவான் 21:1-14, திருத்தூதர் பணிகள் 9:36-42, மத்தேயு 25:31-46. இரவுச் செபத்தில் நாளுக்கு ஒன்றாக ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: இங்கே யார், யாருக்கு, என்ன செய்தார்?

ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போட்டார். பெத்தானியாவில் ஒரு பெண் முந்நூறு தெனாரியம், அதாவது ஏறக்குறைய ஓர் ஆண்டுக் கூலி பெறுமான தைலத்தை இயேசுவின் தலையில் ஊற்றினார். கூட இருந்தவர்கள் வீண்செலவு என்று முறுமுறுத்தபோது, "தன்னால் இயன்றதைச் செய்தாள்" என்று இயேசு அவர் பக்கம் பேசினார். இரண்டு காசையும் முந்நூறு தெனாரியத்தையும் அவர் ஒரே கண்ணோடு பார்த்தார் என்பதைக் கவனியுங்கள். தொகை அவருக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. அந்தப் பெண் கையிலிருந்ததை முழுசாகக் கொடுத்தாரா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

யோவான் 21 நம் பக்கத்துக்கென்றே எழுதியது போல இருக்கும். சாவை வென்று எழுந்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் நிற்கிறார். சீடர்கள் இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் கிடைக்காமல் விடிகாலையில் கரைக்கு வருகிறார்கள். பாடு இல்லாமல் வருகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் உயிர்த்த ஆண்டவர் என்ன செய்தார்? வலது பக்கம் வலை போடச் சொன்னார், மீன் அகப்பட்டது. ஆனால் அவர்கள் கரையில் இறங்கியபோது, அதற்கும் முன்னாலேயே கரி நெருப்பு மூட்டி, அதன்மேல் மீன் வைத்து, பக்கத்தில் அப்பமும் வைத்திருந்தார். "நீங்கள் பிடித்ததிலும் கொஞ்சம் கொண்டுவாருங்கள்" என்றார். பிறகு சாப்பிட வரச் சொன்னார். தன்னை மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் அவர் பேசியது சாப்பாடு முடிந்த பிறகுதான். எனக்கு நற்செய்தியிலேயே மிகவும் பிடித்த வரிசை இது.

திருத்தூதர் பணிகளில் வரும் தபித்தாவை, அதாவது தொற்காவை, நம் மறையுரைகளில் அதிகம் கேட்பதில்லை. வருத்தமான விஷயம். யோப்பா ஒரு துறைமுக ஊர். தபித்தா அங்கே கைம்பெண்களுக்கு உடை தைத்துக் கொடுத்தவர். அவர் இறந்தபோது பேதுரு வந்தார். கைம்பெண்கள் அழுதுகொண்டே, அவர் தைத்துத் தந்த உள்ளாடைகளையும் மேலாடைகளையும் எடுத்துக் காட்டினார்கள். தபித்தா பேசிய ஒரு சொல்கூட வேதத்தில் இல்லை. துணிதான் பேசியது. அந்த ஊரில் அத்தனை கைம்பெண்கள் இருந்ததற்குக் கடலும் ஒரு காரணமாக இருந்திருக்குமோ என்று நான் நினைப்பதுண்டு. வேதம் அப்படிச் சொல்லவில்லை. கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அப்படித் தோன்றாமல் இருக்காது.

இரண்டாம் படி: குழந்தை தெரேசாளிடம் தொழில் பழகுங்கள்

கையில் இயேசு அறையப்பட்ட சிலுவையும் ரோசாப்பூக்களுமாக நிற்கும் சின்ன வயதுக் கன்னியாஸ்திரியின் சுரூபத்தைப் பார்த்திருப்பீர்கள். 1873-இல் பிரான்சின் அலென்சோனில் பிறந்தவர். 15 வயதில் லிசியே ஊரின் கார்மேல் மடத்துக்குள் போனவர், அங்கிருந்து வெளியே எங்கும் பணிக்குச் செல்லவில்லை. 1897 செப்டம்பர் 30-இல் காசநோயால் இறந்தபோது வயது 24. 1925-இல் புனிதர் பட்டம். 1927-இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் இவரைப் பிரான்சிஸ் சவேரியாரோடு சேர்த்து மறைபரப்புப் பணிகளின் பாதுகாவலி ஆக்கினார். இதை நம் கடற்கரையில் நின்று யோசித்துப் பாருங்கள். சவேரியார் கடல் கடந்து 1542-இல் முத்துக்குளித்துறைக்கு, அதாவது தூத்துக்குடிப் பக்கக் கடற்கரைக்கு வந்து ஊர் ஊராக நடந்தவர். இவரோ நான்கு சுவருக்குள் துணி துவைத்தவர். திருச்சபை இருவருக்கும் ஒரே பொறுப்பைக் கொடுத்தது. 1997-இல் இவருக்கு மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே ஆசிரியர் என்ற பட்டமும் தந்தது. அவர் போதித்தது 'சிறு வழி' ஒன்றைத்தான்.

அந்தச் சிறு வழி என்னவென்று விளக்கம் படிப்பதைவிட அவர் செய்ததைப் பார்ப்பதே நல்லது.

மடத்தில் நடக்க முடியாத ஒரு வயதான சகோதரி இருந்தார். மாலையில் அவரைக் கோயிலிலிருந்து சாப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போக வேண்டும். எப்படிப் பிடித்தாலும் குறை சொல்வார். வேகமாகப் போனால் விழுந்துவிடுவேன் என்பார், மெதுவாகப் போனால் பிடித்திருக்கிறாயா இல்லையா என்பார். இளம் தெரேசா தானாக முன்வந்து அந்த வேலையை ஏற்றார். உட்கார வைத்த பிறகும் வேலை முடியவில்லை. முடங்கிப்போன கையால் அந்த மூதாட்டி ரொட்டியை வெட்டச் சிரமப்படுவதைக் கவனித்து, யாரும் கேட்காமலேயே வெட்டிக் கொடுத்து, ஒரு புன்னகையோடு விடைபெறுவார். அந்த ரொட்டிதான் மூதாட்டியின் மனதைத் திறந்தது. கடமைக்கு மேலே வைத்த அந்தக் கொஞ்சம்!

துணி துவைக்கும் இடத்தில் எதிரே நின்ற சகோதரி ஒவ்வொரு முறை துணியை அடிக்கும்போதும் அழுக்குத் தண்ணீர் தெரேசாவின் முகத்தில் தெறித்தது. பின்னால் நகர்ந்து முகத்தைத் துடைத்துக் காட்டியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். தெரேசா அப்படிச் செய்யாமல் நின்றார். தியான நேரத்தில் பின்னால் இருந்த ஒருவர் இரண்டு சிப்பிகளை உரசுவது போல ஒரு சத்தம் எழுப்பிக்கொண்டே இருப்பார். திரும்பி ஒரு பார்வை பார்த்தால் நின்றிருக்கும். தெரேசா அந்தச் சத்தத்தையே காது கொடுத்துக் கேட்டு, அதை இசையாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தார். இயல்பாகவே தனக்குப் பிடிக்காத ஒரு சகோதரியிடம் அவர் காட்டிய அன்பைப் பார்த்து, அந்தச் சகோதரியே ஒருநாள், 'என்னிடம் அப்படி என்ன உனக்குப் பிடித்திருக்கிறது?' என்று கேட்டாராம்.

நம் வீடுகளும் இப்படித்தான். பக்கத்துப் பாயில் படுத்துக் குறட்டை விடும் மாமனார், ஒரே கதையை நூறு தடவை சொல்லும் பெரியம்மா, தண்ணீர் வரிசையில் இடையில் புகுகிறவர். செய்வதைப் போலவே, செய்யாமல் விடுவதிலும் அன்பு உண்டு. சொல்லத் தயாராக இருந்த ஒரு சுடுசொல்லை விழுங்கியது யாருக்கும் தெரியாது, ஆண்டவருக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. தெரேசா பொறுத்துக்கொண்டவை தொல்லைகள், கொடுமைகள் இல்லை. குடித்துவிட்டு அடிக்கிற கணவரிடம் மனைவி புன்னகையோடு பொறுக்க வேண்டும் என்று யாராவது இந்தப் புனிதரைக் காட்டிச் சொன்னால் கேட்காதீர்கள். அதற்குக் காவல்துறையும் 181 மகளிர் உதவி எண்ணும் இருக்கின்றன. பங்குத்தந்தையிடமும் சொல்லுங்கள்.

மூன்றாம் படி: ஒரு ஆளைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாரையும் நேசிக்கிறேன் என்பது சுலபம். ஒரு ஆளை நேசிப்பதில்தான் வேலை இருக்கிறது. அதனால் ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்து, இந்த மாதம் முழுவதும் அவர் உங்கள் பொறுப்பு என்று மனதில் வையுங்கள்.

யாரை? லூக்கா 14-இல் இயேசு வழி சொல்கிறார்: திருப்பிச் செய்ய முடியாதவர்களை விருந்துக்குக் கூப்பிடுங்கள் என்று. தெருவில் தனியாக இருந்து கருவாடு காயப்போடும் பாட்டி. பாசி எடுக்கப் போய் முழங்கால் தேய்ந்து இப்போது வீட்டோடு கிடக்கும் அக்கா. படகில் வேலை பார்க்கும் வெளியூர்ப் பையன். கணவரைக் கடலில் இழந்தவர். கடைசியாகச் சொன்னவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாம் கிறிஸ்தவர்கள், ஆனாலும் கல்யாண வீட்டில் கைம்பெண்ணைப் பின்வரிசையில் நிற்க வைக்கும் பழக்கம் பல ஊர்களில் இன்னும் போகவில்லை. அடுத்த விசேஷத்தில் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வந்து முன்னால் உட்கார வையுங்கள். பிள்ளைக்கு நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்க அவரைக் கூப்பிடுங்கள். செலவு ஒரு பைசா இல்லை. ஆனால் பத்துப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். விலை அதுதான்.

உங்கள் ஆள் கிறிஸ்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் முஸ்லிம் குடும்பங்கள் நம் பக்கத்து வீடு. இராமேசுவரத்தில் இந்துக்கள் நம் பக்கத்து வீடு. மனநலம் குன்றிய பிள்ளையோடு ஏர்வாடி தர்காவுக்கு வந்து திகைத்து நிற்கும் வெளியூர்க் குடும்பத்தைப் பேருந்தில் பார்த்திருப்பீர்கள். நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டுக் கிடந்தவர் எந்த மதம் என்று யாரும் விசாரிக்கவில்லை. பவுல் கப்பல் உடைந்து மால்டா தீவில் கரையேறியபோது மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்கு நெருப்பு மூட்டியவர்கள் நற்செய்தியைக் கேட்டிராத தீவு மக்கள். அன்பில் அவர்கள் முந்திக்கொண்டார்கள்.

இன்னொன்று. வெளியில் ஒரு ஆளைத் தேடுவதற்கு முன் வீட்டுக்குள் ஒரு முறை பாருங்கள். அன்பியக் கூட்டத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்கள் சேர்ந்து செபிக்கும் கூட்டத்தில், அருமையாகப் பேசிவிட்டு வீட்டில் மாமியாரிடம் ஒரு வார்த்தை பேசாத நாள் யாருக்கும் வரலாம். உங்கள் ஆள் அவர்தான் என்றால் வெளியே போக வேண்டாம்.

நான்காம் படி: செயலை ஒரு நேரத்தோடு கட்டிப்போடுங்கள்

நல்ல எண்ணம் தனியாக நிற்காது. அதை ஒரு வேளையோடு சேர்த்துவிட வேண்டும். நம் ஊர்களுக்கு மூவேளைச் செபத்தின் மணி இருக்கிறது: காலை 6, நண்பகல் 12, மாலை 6. கோயில் மணி கேட்டதும் செபம் சொல்கிறோம். அதோடு ஒரு செயலையும் சேருங்கள். காலை மணிக்குப் பிறகு முதல் டீ வீட்டில் வயதானவருக்கு. மாலை மணிக்குப் பிறகு, நீங்கள் தேர்ந்தெடுத்த ஆள் வீட்டு வாசலில் இரண்டு நிமிடம்: "சாப்டாச்சா பெரியம்மா, மாத்திரை போட்டீங்களா?" அவ்வளவுதான். நாள் தவறாமல் நடந்தால் அதுவே அவர் காத்திருக்கும் நேரமாகிவிடும்.

செயலுக்கு முன் ஒரு சொல்: "இயேசுவே, இது உமக்காக." சத்தமாகச் சொல்ல வேண்டாம். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்பவர் சமையலறையில் ஆண்டுக்கணக்காக வேலை பார்த்தார். முட்டை அடையைச் சட்டியில் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுள்மேல் வைத்த அன்புக்காகச் செய்தவர். 1691-இல் அவர் இறந்தார். அந்தச் சமையலறைச் செபத்தை உலகம் இன்னும் படிக்கிறது. குழம்புக்குப் புளி கரைக்கும் கைக்கும் அதே வழி திறந்திருக்கிறது.

எதைச் செய்யலாம் என்று கேட்பவர்களுக்குச் சிலவற்றைச் சொல்கிறேன். மீன் விற்கும் அம்மா பேருந்து நிறுத்தத்தில் தலைக்கூடையை இறக்கத் திணறும்போது ஓடிப்போய் ஒரு கை கொடுங்கள். பேருந்துக்குள் வாடை அடிக்கிறது என்று அவர் பக்கத்து இருக்கை காலியாகக் கிடக்கும், அங்கே போய் உட்காருங்கள். தண்ணீர்க் குழாயடியில் உடம்பு முடியாதவர் குடத்தையும் சேர்த்துப் பிடித்து வாருங்கள். அரசு மருத்துவமனைக்குத் துணையில்லாமல் போகிறவரோடு போய் வரிசையில் நில்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு வங்கிச் சீட்டை நிரப்பிக் கொடுங்கள். சுருக்கமாக, யாரும் கைதட்டாத வேலையாகப் பார்த்து எடுங்கள்.

ஐந்தாம் படி: மறைவாகச் செய்யுங்கள்

மத்தேயு 6-இல் இயேசு தெளிவாகச் சொல்லிவிட்டார்: வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம். நம் பக்கத்தில் இது கடினமான கட்டளை. திருவிழா நன்கொடையை ஒலிபெருக்கியில் பெயர் பெயராக வாசிக்கிறோம். மின்விசிறி இறக்கையில்கூட உபயதாரர் பெயர் இருக்கிறது. அரிசி மூட்டை கொடுக்கும்போது வாங்குகிறவர் முகத்தோடு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறோம். அந்தப் படத்தை அவருடைய பிள்ளையும் பார்க்கும், அதன் வகுப்புத் தோழர்களும் பார்ப்பார்கள். படம் எடுக்காதீர்கள். சபையோ சங்கமோ கணக்குக் காட்ட வேண்டுமென்றால் பில்லைக் காட்டினால் போதும்.

ஆறாம் படி: அன்புக்கு முன்னால் நியாயத்தைச் சரிபாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போக யாருக்கும் அனுமதி இல்லை என்றே சொல்வேன். புதினா, சோம்பு, சீரகத்தில்கூடப் பத்தில் ஒரு பங்கு கொடுத்துவிட்டு, நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை மத்தேயு 23:23-இல் இயேசு கண்டிக்கிறார். அதையும் செய்யுங்கள், இதையும் விடாதீர்கள் என்கிறார். அறுவடைக் கூலியாட்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு திருமுகம் 5:4 சொல்கிறது.

நீங்கள் படகு வைத்திருந்தால், டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மீதியில் ஆட்களின் பங்கு எவ்வளவு என்ற கணக்கை அவர்கள் கண்ணில் காட்டுகிறீர்களா? மீன் எடுப்பவராக இருந்தால் தராசு சரியா? முன்பணம் கொடுத்துவிட்டு, அந்தக் கடனைக் காட்டி ஏலத்தில் விலையைக் குறைக்கிறீர்களா? வட்டிக்கு விடுகிறவர் என்றால், வாரந்தோறும் ஒரு கைம்பெண் வீட்டு வாசலில் உங்கள் ஆள் நின்று சத்தம் போடுகிறாரா? இவற்றில் ஒன்றிலாவது தவறு இருந்தால், செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலில் நூறு பேருக்குச் சாப்பாடு போடுவதற்கு முன்னால் இதைச் சரிசெய்யுங்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுத்த பிறகுதான் கூடுதலாகக் கொடுப்பதற்கு அன்பு என்று பெயர். வரி வசூலித்துப் பணக்காரரான சக்கேயு அப்படித்தான் செய்தார். ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றார், வீட்டுக்கு மீட்பு வந்தது.

ஏழாம் படி: பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்

சவேரியார் 1544-இல் ஐரோப்பாவிலிருந்த தம் தோழர்களுக்கு எழுதிய கடிதத்தில் நம் கடற்கரைப் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். நோயாளிகளுக்காகச் செபிக்க வரச்சொல்லி அத்தனை வீடுகளிலிருந்தும் ஆள் வந்தது, அவரால் எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லை. செபங்களைக் கற்றிருந்த சிறுவர்களை அனுப்பினார். அவர்கள் போய், வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, விசுவாசப் பிரமாணம் சொல்லி, நோயாளிக்காகச் செபித்தார்கள். இந்தத் துறையில் கிறிஸ்தவம் பரவியதில் அந்தப் பிள்ளைகளின் கால்களுக்கும் பங்கு உண்டு.

அதனால் பிள்ளைகளை வெறும் பாட்டுக்கும் நாடகத்துக்கும் மட்டும் பழக்காதீர்கள். ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் இரண்டு இரண்டு பேராக, படுத்த படுக்கையாக இருப்பவர் வீட்டுக்கு அனுப்புங்கள். ஒரு கர்த்தர் கற்பித்த செபம், ஒரு அருள்நிறை மந்திரம், பிறகு ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு வரட்டும். பெரியவர்கள் கூடப் போக வேண்டாம், வாசலில் நின்றால் போதும்.

எட்டாம் படி: ஆண்டின் நாட்களோடு சேர்த்து நடத்துங்கள்

தவக்காலம் எல்லாருக்கும் தெரியும். விட்ட சாப்பாட்டின் காசு உண்டியலுக்குப் போகட்டும், அல்லது உங்கள் ஆளுக்குப் போகட்டும்.

நம் கடற்கரைக்கு இன்னொரு தவக்காலமும் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், கூலிக்குப் போகும் வீடுகளில் வருமானம் நின்றுவிடும். நிவாரணம் வரும், அது எத்தனை நாளுக்குப் போதும்? அதே நேரத்தில்தான் பள்ளிக்கூடமும் திறக்கிறது. நோட்டு, சீருடை, செருப்பு, வேன் காசு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்கு நோட்டு வாங்கிக் கொடுப்பதை இந்த நாட்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடை வைத்திருப்பவர்கள் கடன் புத்தகத்தை இந்த இரண்டு மாதம் மூடி வையுங்கள். கேட்காமல் இருப்பதே பெரிய உதவி.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறவர்கள் தண்ணீரைக் கூடுதலாக எடுத்துப் போங்கள். அந்தத் தீவில் குடிதண்ணீர் இல்லை. சிலுவைப்பாதையில் பக்கத்தில் நடக்கும் இலங்கைத் தமிழ்ப் பாட்டிக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுப்பதும் அந்தச் சிலுவைப்பாதையின் ஒரு பகுதிதான். கடலில் இரண்டு கரைகளுக்கும் நடுவில் எவ்வளவோ கசப்பு இருக்கிறது. அந்த இரண்டு நாளும் அங்கே ஒரே மொழியில் ஒரே செபம் சொல்கிறோம்.

ஓரியூருக்கும் போவோம். 1693 பிப்ரவரி 4 அன்று போர்த்துக்கல்லிலிருந்து வந்த குருவான புனித அருளானந்தர் அங்கே தலை வெட்டுண்டு இறந்தார். 1947-இல் புனிதர் ஆனார். செம்மண்ணைப் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருகிறோம், நோய் வந்தால் பூசுகிறோம். எனக்கும் அந்த மண்ணில் விசுவாசம் உண்டு. கூடவே இதையும் நினையுங்கள்: அந்த ஒரு நாளுக்கு முன்னால் அவர் ஆண்டுக்கணக்காக இந்தச் சீமையில் பண்டாரசாமி என்ற துறவியின் உடையில், மாமிசம் தொடாமல், கிராமம் கிராமமாக நடந்தார், ஆளுக்கு ஆள் உட்கார்ந்து பேசினார். இரத்தம் சிந்த நம்மில் யாரும் அழைக்கப்படாமல் போகலாம். நடக்கவும் உட்கார்ந்து பேசவும் எல்லாரும் அழைக்கப்பட்டிருக்கிறோம்.

ஒன்பதாம் படி: காத்திருக்கும் வீட்டில் எப்படி இருப்பது

கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, அல்லது இலங்கைக் கடற்படை பிடித்துக் கொண்டுபோய்விட்டது என்று செய்தி வரும். அந்த வீட்டுக்கு எல்லாரும் ஓடுவோம். முதல் நாள் கூட்டம் இருக்கும். பத்தாம் நாள் யாரும் இருக்கமாட்டார்கள். நீங்கள் பத்தாம் நாள் போங்கள்.

யோபுவின் நண்பர்கள் முதலில் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை சரியாகச் செய்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். ஆகவே "ஆண்டவர் சோதிக்கிறார்", "எல்லாம் நன்மைக்கே" என்ற பேச்சு வேண்டாம். அடுப்பைப் பற்றவையுங்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்புங்கள். அலுவலகத்துக்கு மனு கொண்டுபோகும்போது கூடப் போங்கள், தேவையான நகல்களை எடுத்துக் கோப்பில் அடுக்கிக் கொடுங்கள். அந்த வீட்டுப் பெண் அழுதால் அழட்டும். செபமாலை சொல்லலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் அங்கேயே மனதுக்குள் சொல்லுங்கள். அன்பியக் கூட்டத்தில் அந்த மீனவரின் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள். அவர் வீடு வந்து சேரும்வரை ஒரு வாரம்கூட விடாமல் சொல்லுங்கள்.

பத்தாம் படி: மனம் வறண்டால்

வறளும். நன்றி சொல்லமாட்டார்கள். சிலர் தப்பாகவும் பேசுவார்கள். செபத்தில் இனிமை இருக்காது. இரவு பத்து மணிக்குச் செபமாலை சொல்லும்போது பாதியிலேயே தலை தொங்கிவிடும், ஏனென்றால் காலை மூன்று மணிக்கு எழுந்து ஏலத்துக்குப் போனவர் நீங்கள்.

தெரேசாவும் செபத்தில் தூங்கிவிடுவார். தூங்கும் பிள்ளையையும் விழித்திருக்கும் பிள்ளையையும் பெற்றோர் ஒரே அளவில்தானே நேசிக்கிறார்கள் என்று ஆறுதல் அடைந்தார். 1896 உயிர்ப்புக் காலத்திலிருந்து சாகும்வரை விண்ணகம் உண்டா என்ற இருட்டுக்குள்ளேயே அவர் இருந்தார். அந்த இருட்டில்தான் புன்னகையையும் சின்னச் சின்னப் பணிவிடைகளையும் தொடர்ந்து செய்தார். உணர்ச்சி வந்தால் செய்வோம் என்று காத்திருக்காதீர்கள். செயலைக் குறைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள். இரண்டு நிமிடம் முடியாவிட்டால், வாசலைக் கடக்கும்போது ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போங்கள்.

படுக்கும் முன் ஒரு சின்ன ஆய்வு: இன்று யார் எனக்கு அன்பு செய்தார்? நான் யாரைத் தாண்டிப் போனேன்? இரண்டு கேள்விதான். முதல் கேள்வியை முதலில் கேளுங்கள்.

கடைசிப் படி: வாங்கிக்கொள்ளப் பழகுங்கள்

கொடுத்தே பழகியவர்களுக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கடினம். இயேசு கால் கழுவ வந்தபோது பேதுரு, நீர் என் காலைக் கழுவவே கூடாது என்றார். நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னோடு உனக்குப் பங்கில்லை என்று பதில் வந்தது. வயதாகி, உடம்பு முடியாமல், கட்டிலில் கிடப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். நீங்கள் பயனற்றுப் போகவில்லை. மருமகள் கொண்டுவரும் கஞ்சியைச் சலிக்காமல் வாங்கி, "நல்லாருக்கும்மா" என்று ஒரு வார்த்தை சொல்வது உங்கள் பங்குக்கான அன்புச் செயல்.

மற்றவர்களுக்கும் ஒரு பயிற்சி இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா சட்டியில் மீன்குழம்பு கொண்டுவந்தால், "எதுக்குக்கா இந்தச் சிரமம்" என்று மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த நாள் சட்டியை வெறுமனே திருப்பிக் கொடுப்பது நம் பக்கம் வழக்கமில்லை. சீனியோ, இரண்டு முட்டையோ, எதையாவது போட்டுக் கொடுக்கத் தேடுவோம். அழகான வழக்கம்தான். இருந்தாலும் ஒரு முறை மட்டும் அந்தக் கணக்கை விட்டுவிடுங்கள். சட்டியைக் கழுவி, வெறும் சட்டியாகவே கொண்டுபோய், "குழம்பு ரொம்ப நல்லாருந்துச்சுக்கா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.